இனிமே இவதான்

என்ன லைன்ல இருக்கீங்கன்னு கேட்டீங்க. கேட்டுட்டு ஜன்னல் பக்கம் திரும்பிட்டீங்க. பஸ்ல பக்கத்துல உக்காந்தவன்கிட்ட எல்லாரும் கேக்குறதுதான், நான் தப்பா எடுத்துக்கல. ஆனா இன்னைக்கு அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல சார். போன ஆடி மாசம் கேட்டிருந்தா நெஞ்ச நிமித்திச் சொல்லியிருப்பேன். பேரு சங்கிலி, ஊரு அருப்புக்கோட்டை, பேன்சி லைன். அருப்புக்கோட்டையில இருந்து தெக்க பந்தல்குடி, புதூர், நாகலாபுரம், அங்கிட்டு விளாத்திகுளம் வரைக்கும் எந்தப் பெட்டிக்கடையில வேணாலும் கேட்டுப் பாருங்கன்னு சொல்லியிருப்பேன்.

இப்பக் கேட்டுறாதீங்க. இப்பக் கேட்டா வேற பேரு சொல்லுவாங்க.

நீங்க என்ன லைன்? வாத்தியார் லைனா. பெருநாழியிலயா. என்ன பாடம்? இங்கிலீஷ். அட, அப்ப நீங்களே சொல்லுங்க, லைன்னா என்ன? கோடு. சரி. வேற? வரிசை. சரி. டிக்சனரியில பக்கம் பக்கமாப் போட்டிருக்கா? இருக்கட்டும். நாங்க படிக்காத ஆளுங்க, அந்த ஒரு வார்த்தைய வாங்கி எங்க அளவுக்கு வெட்டித் தச்சு மாட்டிக்கிட்டோம்.

நான் பொறந்து வளந்தது லைன் வீடு. ஒரே கூரை, வரிசையாக் கதவு. மொத வீட்டுல மொளகா வறுத்தா கடைசி வீட்டுல தும்முவான். தண்ணி வண்டி வந்தா கொடத்துக்கு ஒரு லைன். அந்த லைன்லதான் வேலுத்தாயப் பாத்தேன். எங்க வீட்டுக்கு நாலு கதவு தள்ளி அவ வீடு. அவ கொடத்துக்கு எடம் புடிச்சுக் குடுத்தேன், வேற ஒண்ணும் பண்ணல. சங்கிலி லைன் அடிக்கிறான்னு தெருவே சொல்லுச்சு. அப்புறம் கல்யாணமே ஆயிப்போச்சு. கரண்டு போனா லைன்மேன் வரணும். போன் பண்ணா லைன் கெடைக்கணும். வட்டிக்கு விடுறவன் காலையில பையை மாட்டிட்டுக் கிளம்புனா லைனுக்குப் போறான். குடிச்சிட்டுத் திரிஞ்ச பய ஒழுங்கா வேலைக்குப் போனா, லைனுக்கு வந்துட்டான்கிறோம். இத்தனை இருக்கு. எனக்குச் சோறு போட்டது ஒரே ஒரு லைன்தான். அதைத்தான் கட்டுன பொண்டாட்டி புடுங்கிக்கிட்டா.

சிரிக்கிறீங்க. சிரிங்க. கமுதி வர்ற வரைக்கும் நேரம் இருக்கு, நான் முழுசாச் சொல்றேன், அப்புறம் சிரிங்க.

பெட்டிக்கடையில வாசல்ல அட்டை அட்டையாத் தொங்கும், பாத்திருப்பீங்க. பொட்டு அட்டை, ஊக்கு, ஹேர்பின், ரப்பர் பேண்டு, சீப்பு, கண்மை. இதெல்லாம் கடைக்காரன் டவுனுக்கு வந்து வாங்குறதுன்னு நெனச்சீங்களா? நாங்க கொண்டு போய்ப் போடுறது. விருதுநகர்ல தனக்கோடி அண்ணாச்சின்னு மொத்த வியாபாரி, அவர்கிட்ட எடுப்போம். டிவிஎஸ் எக்ஸெல் வண்டியில முன்னாடி ஒரு மூட்டை, பின்னாடி ஒரு மூட்டை. வாரம் ஒரு தரம் அந்தந்த ஊருக்குப் போவோம். யாரு எந்த ஊருக்குப் போறாங்களோ அது அவங்க லைன். அடுத்தவன் லைன்ல கால் வைக்கக் கூடாது. எழுதி வச்ச சட்டம் கிடையாது, ஆனா சட்டம்.

கடைக்கு மொதத் தடவை போறப்ப நாங்களே சுத்தியல், ஆணி கொண்டு போவோம். கடை நெலையில ஆணியை அடிச்சு அட்டையை மாட்டுறது நாங்கதான். கடை அவங்களுது, ஆணி எங்களுது. அந்த ஆணியில வேற ஒருத்தன் சரக்கு தொங்குச்சுன்னா அது என் வீட்டுக் கொடியில வேற ஒருத்தன் வேட்டி காயுற மாதிரி. ஆனா ஒண்ணு. ஆளு வராம ஆணி காலியாக் கெடந்தா அது பொது. யாரு வேணாலும் மாட்டலாம். அதனால காய்ச்சலா இருந்தாலும் கிளம்பணும். நான் கிளம்புவேன். மழையில போயிருக்கேன். மக பொறந்த அன்னைக்கும் போயிட்டுத்தான் வந்தேன், அதை வேலுத்தாய் இன்னும் சொல்லிக்காட்டுவா.

லைனைக் கைமாத்துறதுக்கும் ஒரு முறை இருக்கு. புது ஆளைப் பின்னாடி உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போவோம். அதுக்கு லைன் காட்டுறதுன்னு பேரு. ஒவ்வொரு கடையிலயும் பழைய ஆளு எறங்கி, கடைக்காரங்க முகத்தைப் பாத்து, 'இனிமே இவர்தான்'னு சொல்லணும். அவ்வளவுதான். சொல்லிட்டா முடிஞ்சது. அப்புறம் பழைய ஆளு தலைகீழா நின்னாலும் அந்த ஆணி அவனுக்கு இல்ல. எனக்கு லைன் காட்டுன குருசாமிப் பெரியவர்கூட, உடம்பு தேறுனதும் வந்து கேட்டாரு. திருப்பிக் குடுப்பாங்களா? லைன்னா அப்படித்தான். பாவம், கேட்டுப் பாத்துட்டுப் போயிட்டாரு.

சரி, கதைக்கு வாரேன்.

ஆடி மாசம், புதூர்க் கடையில என் ஆணியில ஒரு சாத்தூர்க்காரப் பய அட்டை தொங்குது. நான் காலியா விட்ட ஆணி இல்ல, என் அட்டையை ஒதுக்கிட்டு மாட்டியிருக்கான். விரட்டிட்டுப் போயி நாகலாபுரம் ரோட்டுல மடக்கிட்டேன். நான் பேசத்தான் போனேன் சார். அவனும் பேசுனான். பேச்சு வளந்துச்சு. அவன் வண்டிய ஓங்கி ஒரு மிதி மிதிச்சேன். நியாயப்படி அது அவன் பக்கம்ல விழணும்? அந்த வண்டி ஸ்டாண்டு சரியில்ல. மூட்டையோட என் கால்மேல சாஞ்சிருச்சு. முட்டிக்குக் கீழ ரெண்டு எடத்துல ஒடிவு. அந்தப் பயதான் ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரியில சேத்தான். சேக்கணும்ல, அவனாலதான ஒடிஞ்சது.

கட்டுப் போட்டு வீட்டுல கெடக்கேன். கால் வலி பெருசில்ல சார். ஆணி காலியாகும், அந்த வலிதான். என் தம்பி வந்து 'அண்ணே நான் பாத்துக்கிடுறேன்'னான். தம்பி லைனுக்குப் போனா லைன் தம்பியோடதா ஆகும்னு எனக்குத் தெரியாதா? இந்தத் தொழில்ல நான் அடிபட்டு அடிபட்டுப் படிச்சவன். படுத்துக்கிட்டே யோசிச்சேன். ஊருல ஒரே ஒரு ஆளுதான் நம்ம லைனைத் தூக்கிட்டு ஓட முடியாது. யாரு? பொண்டாட்டி. எங்க ஓடுவா? ஓடுனாலும் ராத்திரி சோறாக்க வீட்டுக்குத்தான வரணும்.

இப்படி ஒரு புத்தி எவனுக்கு வரும் சொல்லுங்க. எனக்கு வந்துச்சு.

வேலுத்தாய் மொதல்ல மாட்டேன்னா. 'எனக்குக் கடைக்காரங்ககிட்டப் பேசத் தெரியாதுங்க'ன்னா. நான் சொல்லிக் குடுத்தேன். ரெண்டே பாடம். வெலைய மொதல்ல வாயத் தொறந்து சொல்றவன் தோத்தான், அவங்க சொல்ற வரைக்கும் காத்திரு. சொல்ல வேண்டி வந்துச்சுன்னா ஒரு தடவை சொல்லு, சொல்லிட்டு வாய மூடு. மனுசனால சும்மா இருக்க முடியாது, அவனாப் பேசி அவனாக் கொறைஞ்சு வருவான். என் தொழிலே இந்த ரெண்டுதான். கட்டில்ல கெடந்துக்கிட்டு அவள நிக்க வச்சுப் பழக்குனேன். நல்லாக் கேட்டுக்கிட்டா. அவ எதையும் நல்லாக் கேட்டுக்கிடுவா, அது ஒண்ணு அவகிட்ட.

அப்புறம் ஆட்டோ பேசி, கட்டுக் காலை நீட்டி வச்சுக்கிட்டு, லைன் காட்டக் கிளம்பினேன். பந்தல்குடிக்கு முன்னாடியே அவ சொன்னா, 'ஏங்க, கால் சரியாகுற வரைக்கும்னு ஒரு வார்த்தை சேத்துச் சொல்லுங்க.' நான் வள்ளுன்னு விழுந்தேன். 'கால் சரியாகுற வரைக்கும்னு சொன்னா, சங்கிலி படுத்துட்டான்னு அர்த்தம். அந்தச் சாத்தூர்க்காரன் மறுநாளே ஆணியோட வருவான். கூறு இல்லாமப் பேசாத'ன்னேன். அவ வாய மூடிக்கிட்டா. கடைக்குக் கடை ஆட்டோவ விட்டு எறங்கி, ஒத்தக் கால்ல நின்னு, 'இனிமே இவதான்'னு சொன்னேன். ஒரு கடைகூட விடல. விளாத்திகுளத்துல கடைசிக் கடையில சொல்லி முடிச்சப்ப எனக்கு என்னமோ பெரிய காரியம் பண்ணின மாதிரி இருந்துச்சு.

மொதல்ல எல்லாரும் அவள மதினின்னுதான் கூப்பிட்டாங்க. நான் அண்ணன், அதனால அவ மதினி. கணக்குச் சரிதான. 'மதினி வந்துச்சுண்ணே, மதினி அட்டை மாத்திட்டுப் போச்சுண்ணே'ன்னு போன்ல சொல்லுவாங்க. கேக்க நல்லா இருந்துச்சு.

அவ மொத ஒரு மாசம் பஸ்ல பையோட போனா. அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் வீட்டு வாசல்ல என் எக்ஸெல் சத்தம் கேக்குது. யாரோ எடுத்திருக்கான்னு கட்டில்ல இருந்தே கத்துறேன். உள்ள வர்றது இவ. முந்தானையை இடுப்புல சொருகிக்கிட்டு, மூஞ்சியெல்லாம் புழுதி. எப்ப ஓட்டப் படிச்சேன்னு கேட்டா, 'படிச்சேன்'கிறா. வாய மூடிப் பழகுன்னு நான்தான சொன்னேன்.

அப்புறம் பாத்தா வெளுத்துப்போன பொட்டு அட்டையெல்லாம் பையில திரும்பி வருது. வெயில்ல தொங்கித் தொங்கி வெளுக்கும், அது கடைக்காரன் பாடு. எடுத்த சரக்கு திரும்பாது, அதான் என் வழக்கம். எவனாவது திருப்பிக் குடுத்தா அந்த எடத்துலயே நாக்கப் புடுங்குற மாதிரி நாலு வார்த்தை கேப்பேன், அடுத்த தடவை குடுக்க மாட்டான். இவ வாங்கிட்டு வந்து அண்ணாச்சிகிட்ட மாத்திட்டுப் போறா. அண்ணாச்சியும் மாத்திக் குடுக்கிறாரு. நான் இத்தனை வருசம் போனேன், என்கிட்ட ஒரு நாள் சொல்லல சார், மாத்துவேன்னு. 'நீ கேக்கல'ங்கிறாரு.

அதுக்கப்புறம் பொம்பளைங்க சமாச்சாரம், தாள்ல சுத்திக் குடுப்பாங்கள்ல, அந்தப் பாக்கெட்டு. மூட்டை மூட்டையா வண்டியில கட்டுறா. நான் சத்தம் போட்டேன். 'இதைக் கட்டிக்கிட்டு ஊர் ஊராப் போறியே, மானம் போகுதுடி'ன்னேன். அவ கயித்தை இழுத்துக் கட்டிக்கிட்டே, 'அது கெடைக்காதப்பத்தாங்க மானம் போகும்'னா. புதூர்க் கடைக்காரி இது வேணும்னு ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருந்தாளாம். அண்ணன்கிட்ட எப்படிக் கேக்கன்னு விட்டுட்டாளாம். என் ஹாரன் சத்தம் கேட்டாலே உள்ள போயி புருசனை எழுப்பி விட்டுருவாளாம். அந்த அளவுக்கு மரியாதை வச்சிருந்தவங்க சார் அவங்கள்லாம்.

கார்த்திகையில கட்டுப் பிரிச்சாங்க. மார்கழி பூரா நொண்டி நொண்டி நடந்து பழகினேன். தை பொறந்து, பொங்கல் முடிஞ்சு, ஒரு காலையில குளிச்சு, சட்டையப் போட்டு, வண்டிச் சாவியத் தேடுறேன். ஆணியில இல்ல. அவ இடுப்புல இருக்கு.

'சாவியக் குடு. இன்னைக்கு நான் போறேன்.'

'எங்க?'

'எங்கன்னா கேக்குற? லைனுக்கு.'

அவ சோத்து வாளியில மூடி போட்டுக்கிட்டே கேட்டா, 'யாரு லைனுக்கு?'

சார், நான் நாலு பேர் கூடி அடிச்சு ரோட்டுல கெடந்திருக்கேன். கூட்டாளி ஒருத்தன் ராத்திரியோட ராத்திரியா குடோனைக் காலி பண்ணிட்டுப் போயிருக்கான். அப்பல்லாம் எனக்குக் கோவந்தான் வந்துச்சு. அன்னைக்குக் கோவம் வரல. அவ கோவமாக் கேக்கல. வெலை கேக்குற மாதிரி சாதாரணமாக் கேட்டா. கேட்டுட்டு வாய மூடிக்கிட்டா.

நான் பஸ் ஏறிப் போனேன். கடைக்காரங்க என் ஆளுங்க, அவங்க சொல்லட்டும்னு போனேன். புதூர்ல எறங்கி நிக்கேன். கடைக்காரி என்னைப் பாத்ததும் எந்திரிச்சுட்டா. பழைய மரியாதை. ஆனா என்ன சொன்னா தெரியுமா? 'வாங்க மாமா'ன்னா.

எனக்கு வெளங்கல. 'என்னது மாமா? அண்ணன்னுதான கூப்பிடுவ'ன்னேன். அவ சிரிச்சுக்கிட்டே, 'நாங்கள்லாம் இப்ப வேலுத்தாயக்கான்னுதான் கூப்பிடுறோம். அக்கா வீட்டுக்காரரு மாமாதான?'ங்கிறா. மதினி போயி அக்காவாயிருச்சு. அவ அக்கா ஆனதும் நான் அக்கா புருசன் ஆயிட்டேன். என் லைன்ல, நான் அடிச்ச ஆணிக்குக் கீழ நின்னுக்கிட்டு, நான் விருந்துக்கு வந்த மாப்பிள்ளை. டீ வாங்கிக் குடுத்தா சார். குடிச்சேன். என்ன பண்ணச் சொல்றீங்க. 'லைனுக்கு இனிமே நான் வாரேன்'னு சொன்னேன். அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டு, 'அக்காவை வந்து ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க மாமா'ன்னா. நாகலாபுரத்துல அதே பேச்சு. விளாத்திகுளத்துல அதே பேச்சு. எல்லாரும் சேந்து பேசி வச்ச மாதிரி.

அப்புறம் அண்ணாச்சிகிட்டப் போனேன். ஞாயித்துக்கிழமை காலையில லைன்காரங்க எல்லாம் அவர் குடோன்லதான் சரக்கு எடுக்க வருவாங்க, எந்த வழக்குன்னாலும் அங்கதான். இவளும் வந்திருந்தா. மூட்டை கட்டிக்கிட்டு நின்னா. சுத்திலும் ஆம்பளைங்க, நடுவுல இவ. அந்தச் சாத்தூர்க்காரன்கூட அவளுக்குச் சாக்கு புடிச்சுக் குடுத்துக்கிட்டு நிக்கான்.

அண்ணாச்சி கேட்டாரு, 'சங்கிலி, கடைக்குக் கடை எறங்கிச் சொன்னியா?'

'சொன்னேன் அண்ணாச்சி.'

'என்னன்னு சொன்ன?'

'இனிமே இவதான்னு சொன்னேன். பொண்டாட்டிதானன்னு சொன்னேன் அண்ணாச்சி.'

'லைன்ல ஏதுப்பா பொண்டாட்டி?' அவ பக்கம் திரும்பி, 'நீ என்னம்மா சொல்ற?'

'கால் சரியாகுற வரைக்கும்னு சேத்துச் சொல்லச் சொன்னேன் அண்ணாச்சி. மாட்டேன்னுட்டாக.'

அவ்வளவுதான் சொன்னா. ஒரு வார்த்தை கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. அண்ணாச்சி மீசையத் தடவிக்கிட்டே, 'அப்புறம் என்ன, குருசாமி வழக்குலயும் இதைத்தான சொன்னேன், அன்னைக்கு உனக்கு இனிச்சுச்சே'ன்னாரு. அது வேற, இது வேற சார். குருசாமி வெளியாளு. நான் புருசன். ரெண்டும் ஒண்ணா? அண்ணாச்சிக்கு வயசாயிருச்சு, நிதானம் தவறுது.

வீட்டுக்கு வந்து பேரம் பேசினேன். ஆமா, என் வீட்டுல, என் பொண்டாட்டிகிட்ட. சாப்பிட்ட தட்டைக் கழுவி வச்சுட்டு வந்து எதுத்தாப்புல உக்காந்தா. 'சரி, பாதி லைனைக் குடு'ன்னேன். அவ ஒண்ணும் சொல்லல. 'தெக்கப் பக்கம் மட்டும் குடு, பந்தல்குடிய நீ வச்சுக்க.' ஒண்ணும் சொல்லல. 'புதூர் ஒண்ணு போதும்'ங்கிறேன். அவ என்னையே பாத்துக்கிட்டு இருக்கா. கடைசியில, 'வெள்ளிக்கெழமை ஒரு நாளு மட்டுமாவது நான் போறேனே'ன்னு என் வாயில வருது சார். அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு, நான் சொல்லிக் குடுத்த பாடத்துக்குள்ள நானே உக்காந்திருக்கேன்னு.

'ஏண்டி, உனக்கு நான் என்ன கொறை வச்சேன்? எதுக்கு இப்படிப் பண்ற?'ன்னு கேட்டுட்டேன்.

அதுக்குச் சொன்னா, 'எனக்கு லைன் புடிச்சிருக்குங்க.'

புடிச்சிருக்காம். சோறு புடிக்கும், சேலை புடிக்கும், லைன் எப்படி சார் புடிக்கும்? எனக்கு ஒரு நாளும் புடிச்சதில்ல. வெயிலு, புழுதி, ஒவ்வொரு கடையிலயும் சண்டை. குடும்பத்துக்காகப் போனேன். இவ புடிச்சிருக்குன்னு போறாளாம்.

அப்புறம் அவளா ஒரு வழி சொன்னா. அதைச் சொல்லாம இருந்திருந்தாக்கூட நான் வீட்டுல இருந்திருப்பேன். 'நீங்க பின்னாடி உக்காந்து வாங்க. கொஞ்ச நாளைக்கு நான் காட்டுறேன். கடைக்காரங்க மனசுக்கு ஒப்புச்சுன்னா விளாத்திகுளம் பக்கம் இனிமே இவர்தான்னு சொல்லிருதேன்'னா.

'நான் உனக்குக் காட்டுன லைனை நீ எனக்குக் காட்டுறியா?'

'நீங்க கடையத்தாங்க காட்டுனீங்க. அவங்க பேரெல்லாம் நானாக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.'

பேரு எதுக்கு சார்? கடை எங்க இருக்கு, ஆணி எங்க இருக்கு, போதாதா? சொல்லுங்க. அன்னையில இருந்து அவகிட்ட நான் பேசுறதில்ல. மாசி பூரா பேசல. அவ வருவா, சோறு வைப்பா, காலையில போவா. எங்க போறா, எப்ப வர்றா, ஒண்ணும் கேக்கிறதில்ல. காலேஜ்ல படிக்கிற மக போன் பண்ணி, 'அப்பா, பின்னாடி உக்காந்துதான் போங்களேன்'கிறா. அவளும் அந்தப் பக்கம்.

இன்னைக்குக் காலையில முடிவு பண்ணிட்டேன். இந்தா இந்தப் பையில அட்டை இருக்கு, சுத்தியல் இருக்கு, மிச்சச் சரக்கு மூட்டையாப் பின்னாடி கெடக்கு. தெக்கதான அவ, நான் கிழக்க போறேன். கமுதிப் பக்கம் பேன்சி லைன்ல சொல்லிக்கிற மாதிரி ஆள் கெடையாது, எனக்கு நல்லாத் தெரியும். யாரும் என்னை மாமாங்க மாட்டான். புதுசா அடிச்சு, புதுசா மாட்டி, ஒரு வருசத்துல அவ லைனை விடப் பெருசாக் காட்டல, என் பேரை மாத்திக்கிடுறேன்.

கமுதி வந்துருச்சு. பஸ் இங்க கொஞ்ச நேரம் நிக்கும் சார். எடத்தைப் பாத்துக்கங்க. ஸ்டாண்டுக்குள்ள அந்தா ஒரு பெட்டிக்கடை தெரியுதா, போயி ஒரு வார்த்தை விசாரிச்சுட்டு, மத்த மூட்டைய எறக்க வாரேன்.

*

கொஞ்சம் தள்ளிக்கங்க சார். ஆமா, திரும்ப ஏறிட்டேன். மூட்டை இருக்கட்டும், எறக்கல.

ஒண்ணுமில்ல. கடையில பொட்டு அட்டை தொங்குது. அதுல என்ன, யாராவது போடத்தான செய்வாங்கன்னு கேட்டேன். 'யாரும்மா உங்களுக்குப் பேன்சி போடுறது?' அந்தம்மா தலையத் தூக்காமச் சொல்லுது, 'அருப்புக்கோட்டையில இருந்து ஒரு அக்கா வரும். எக்ஸெல்ல.'

'எப்ப இருந்து?'

'தீவாளிக்கு முன்னாடியே வந்துருச்சு.'

தீவாளிக்கு முன்னாடி நான் கட்டோட கெடந்தேன் சார். அப்பவே இங்க வந்திருக்கா. சாயங்காலம் நேரங்கழிச்சு வருவா, வண்டி பஞ்சரும்பா, நானும் ரோடு போட்டவனைத் திட்டுவேன். அப்ப அவகிட்ட நான் பேசிக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லல. என் லைனை நான் குடுத்தேன், சரி, அண்ணாச்சி சொன்ன மாதிரியே வச்சுக்குவோம். இது நான் குடுக்கல. இதை அவளா உண்டாக்கியிருக்கா. கட்டில்ல கெடந்த மனுசன்கிட்ட அதைச் சொல்லத் தோணலையே.

அதோட விட்டுச்சா அந்தம்மா. 'நீங்களும் அருப்புக்கோட்டையா? அந்தக்கா வீட்டுக்காரருக்குக் கால் ஒடிஞ்சு போச்சாமே, இப்ப எப்படி இருக்காரு? பாவம். பேச்சு வார்த்தையெல்லாம் அவரு கட்டில்ல கெடந்துக்கிட்டே சொல்லிக் குடுத்ததுதானாம். எப்ப வந்தாலும் அந்தக்கா அதைச் சொல்லாமப் போகாது'ங்குது.

என்கிட்ட அவ அதைச் சொன்னதே இல்ல சார். ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கா. என்கிட்ட மட்டும் சொல்லல.

நான் யாருன்னு கேட்டுச்சு. சும்மா விசாரிச்சேன்னுட்டேன். 'அவருக்குக் கால் தேறிருச்சாம்'னு மட்டும் சொன்னேன். 'அப்பாடா'ன்னுச்சு அந்தம்மா. முன்னப் பின்ன பாக்காத பொம்பள.

கண்டக்டர், இந்த பஸ்ஸு கடைசியா எங்க நிக்கும்? சாயல்குடியா. அதுக்கு அங்கிட்டு? கடலா. கடல்ல எனக்கு வேலை இல்ல. ஒரு சாயல்குடி குடுங்க.

அங்க வந்திருக்க மாட்டா. அம்புட்டுத் தூரம் எக்ஸெல்ல ஒரே நாள்ல போயிட்டுத் திரும்ப முடியாது. நானே போனதில்ல. நீங்க என்ன நெனைக்கிறீங்க? ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறீங்க. நீங்களும் வாய மூடிக்கிட்டே கேக்கிறீங்க சார், அவள மாதிரி. நானா வெலையக் கொறைச்சுக்கிட்டே வாரேன் பாத்தீங்களா. சரி விடுங்க.

பெருநாழி வரப்போகுது, பையை எடுத்து வச்சுக்கங்க. இங்கிலீஷ் வாத்தியார்கிட்ட வந்து எதை எதையோ பேசிட்டேன். ஆமா, உங்க பள்ளிக்கூடத்து வாசல்ல ஒரு பெட்டிக்கடை இருக்கணுமே. எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் இருக்கும். அதுல பொட்டு, ரிப்பன் எல்லாம் யாரு கொண்டாந்து போடுறா, பாத்திருக்கீங்களா?

இருங்க சார். வேண்டாம். சொல்லாதீங்க. எறங்குங்க.